நிலம் நடுங்கிய நகரில் பசுபதிநாதர்

கும்பகோணம் நாகேஸ்வரசுவாமி திருக்கோயிலில் ஆண்டுதோறும் சித்திரை மாதம் 11, 12, 13 ஆகிய மூன்று நாட்களிலும் காலைக் கதிரவனின் கிரணங்கள் கோபுர வாசல் வழியாக நுழைந்து மூலவரின் திருமேனியில் படியும். சூரிய பகவானே வந்து பூஜிப்பதாக ஐதீகம். இந்தத் தலத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. பூமியைத் தன் தலைமீது சுமக்கும் ஆதிசேஷன் பாரம் தாளாமல் சோர்ந்தபோது, இங்கு வந்து ஈசனை வழிபட்டு, அதைத் தாங்கும் வலிமையைப் பெற்றானாம். நாகேஸ்வரர் என்னும் திருநாமமே அதனால் வந்தது.

2015-ஆம் ஆண்டு சித்திரை 12-ஆம் நாள், ஏப்ரல் 25, சனிக்கிழமை. அன்று விடியற்காலையில் நானும் என் துணைவியும் அந்தச் சந்நிதியில் நின்று சூரிய பூஜையைக் கண்குளிரத் தரிசித்தோம். ஆனால் துணைவியின் முகத்தில் மலர்ச்சி இல்லை. காரணம் நான்தான். அந்த நாளில் நாங்கள் காத்மாண்டுவில் இருந்திருக்க வேண்டும். எங்கள் பகுதியிலிருந்து இருபது பேர் கொண்ட யாத்திரைக் குழு ஒன்று பசுபதிநாதர், முக்திநாத் தரிசனத்துக்குப் புறப்பட்டிருந்தது. நாங்களும் முன்பணம் கட்டியிருந்தோம். ஆண்டுக் கணக்கு முடிந்து தணிக்கையாளர்கள் வந்திருந்த நேரமாதலால், நான் பணியாற்றிய வங்கியில் எனக்கு விடுப்பு மறுக்கப்பட்டது. "ஓய்வு பெற்ற பிறகு போகலாமே" என்று மேலதிகாரி சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பை நான் பல நாள் மறக்கவில்லை.

தரிசனம் முடித்து அலுவலகம் சென்றேன். நண்பகலுக்குச் சற்று முன்பு, நேபாள நேரப்படி 11 மணி 56 நிமிடத்தில், கூர்க்கா மாவட்டத்தின் பர்பாக் என்னும் மலைக் கிராமத்தை மையமாகக் கொண்டு நிலம் அதிர்ந்தது. ரிக்டர் என்று நாம் வழக்கமாகச் சொல்லும் அளவில் 7.8. ஏறத்தாழ 9,000 பேர் மாண்டனர். சுமார் 5 லட்சம் வீடுகள் தரைமட்டமாயின. எங்கள் குழுவினரிடமிருந்து இரண்டு நாட்கள் எந்தத் தகவலும் இல்லை. பிறகு இந்திய விமானப்படை விமானத்தில் தில்லி வந்து சேர்ந்ததாகச் செய்தி கிடைத்தது. ஒருவருக்கும் ஆபத்தில்லை. இரண்டு இரவுகள் திறந்தவெளியில் மழையில் நனைந்துகொண்டே பஞ்சாட்சரம் ஜபித்ததாகச் சொன்னார்கள்.

அன்று முதல் என் துணைவிக்கு ஒரு வாக்கியம் வாய்த்தது. "பசுபதிநாதர் எங்களை வரவிடாமல் தடுத்துக் காப்பாற்றினார்." பிரதோஷத்துக்குப் பிரதோஷம், பார்ப்பவர்களிடமெல்லாம் இதைச் சொல்லுவாள். கேட்பவர்களும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். நானும் தலையசைப்பேன். விடுப்பு மறுத்த அதிகாரியின்மீது இருந்த கோபம்கூட நன்றியாக மாறிவிட்டது.

2017-இல் ஓய்வு பெற்றேன். அடுத்து அவளுடைய முழங்கால் அறுவை சிகிச்சை, அதற்கடுத்து ஊரடங்கு என்று தள்ளிக்கொண்டே போய், 2023 நவம்பர் 3-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை மாலையில்தான் காத்மாண்டு மண்ணை மிதித்தோம். தசரா கழிந்து, தீபாவளிக்கு முந்தைய வாரம். நேபாளத்தில் தீபாவளியைத் திஹார் என்கிறார்கள். காக்கைக்கு ஒருநாள், நாய்க்கு ஒருநாள், பசுவுக்கு ஒருநாள் என்று பூஜை செய்யும் அழகிய பண்டிகை. நகரெங்கும் செண்டுப்பூ குவிந்திருந்தது.

பசுபதிநாதர் ஆலயத்துக்கு நடந்து போகும் தொலைவில், கௌசாலா என்னும் பகுதியில் நான்கு மாடி விடுதி ஒன்றில் அறை எடுத்திருந்தோம். எங்களுக்கு மூன்றாவது மாடி. மாலையில் பாக்மதி நதிக்கரையில் நடைபெறும் ஆரத்தியைக் கண்டு, சூடாகச் சோறும் பருப்பும் உண்டு, குளிருக்குப் போர்த்திக்கொண்டு படுத்தோம்.

நள்ளிரவுக்குப் பதின்மூன்று நிமிடம் இருக்கும்போது கட்டில் தொட்டில்போல் ஆடியது. நான் விழித்தெழுந்து என்னவென்று புரிந்துகொள்வதற்குள், என் துணைவி எழுந்து நின்று செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்த ஆட்டம் பழக்கமானது. 1988-இல் நான் பாட்னா கிளையில் இளம் அதிகாரியாக இருந்தபோது, ஆகஸ்ட் 21 விடியற்காலையில் பீகாரையும் நேபாளத்தையும் உலுக்கிய நிலநடுக்கத்தில், ஒரு வயதுக் குழந்தையை இடுப்பில் வாரிக்கொண்டு தெருவுக்கு ஓடியவள் அவள். நான் அன்றும் போர்வையை மடித்துக்கொண்டிருந்ததாக இன்றுவரை கேலி பேசுவாள்.

படியிறங்கித் தெருவுக்கு வந்தோம். தெரு முழுவதும் மக்கள். அலறல் இல்லை, அழுகை இல்லை. முதியவர்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கட்டடங்களிலிருந்து விலகி, சாலையின் நடுவில் அமர்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் கண்ணும் மின்கம்பியின் ஆட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. கம்பி நின்ற பிறகும் ஒருவரும் எழவில்லை. எட்டு ஆண்டுகளுக்கு முன் அவர்கள் கற்றுக்கொண்ட பாடம் அது என்று நினைத்துக்கொண்டேன். மேற்கே ஜாஜர்கோட்டிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் அன்றிரவு நூற்றைம்பது பேருக்கு மேல் உறக்கத்திலேயே மாண்டார்கள் என்பது மறுநாள் காலையில்தான் தெரிந்தது. காத்மாண்டுவில் சேதம் ஒன்றுமில்லை.

"பார்த்தீங்களா, இந்தத் தடவையும் காப்பாற்றிட்டார்" என்றாள் துணைவி, நடுங்கும் குரலில். நான் அதற்கும் தலையசைத்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. நேபாளத்தில் வார விடுமுறை சனிக்கிழமைதான். 2015-இல் நிலம் அதிர்ந்த நாளும் சனிக்கிழமையாக இருந்ததால்தான் ஆயிரக்கணக்கான பள்ளிக்கூடங்கள் இடிந்தும் குழந்தைகள் தப்பினார்கள். நண்பகல் வேளையாதலால் கிராமத்தவர் பலர் வயலில் இருந்தார்கள். இதுவே ஒரு திங்கட்கிழமையாகவோ, நள்ளிரவாகவோ இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணவே அஞ்சுகிறார்கள் அந்த ஊர்க்காரர்கள்.

பசுபதிநாதர் ஆலயத்தின் மேற்கு வாயிலில் நுழைந்தவுடன், தங்கப் பூச்சுடன் பிரம்மாண்டமான நந்தியெம்பெருமான் தரிசனம் தருகிறார். நந்தியின் பின்புறம்தான் முதலில் நமக்குத் தெரியும். அவருடைய பார்வை போகும் திசையில், இரண்டு அடுக்குப் பொன்வேய்ந்த கூரையுடன் மூலஸ்தானம். இன்றுள்ள ஆலயம் 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மல்ல மன்னர்கள் காலத்தில் எழுந்தது. ஈசன் அதற்கும் மிகப் பழையவர். நான்கு புறமும் வெள்ளித் தகடு வேய்ந்த நான்கு வாயில்கள். மூன்றடிக்கும் மேலான சிவலிங்கத் திருமேனியில் நான்கு திசைக்கும் நான்கு திருமுகங்கள். கிழக்கே தத்புருஷம், தெற்கே அகோரம், மேற்கே சத்யோஜாதம், வடக்கே வாமதேவம். உச்சியில் முகமாக வடிக்கப்படாத ஈசானம். ஒவ்வொரு முகத்தின் பக்கத்திலும் சிறு கரங்கள், வலக்கரத்தில் ருத்திராட்ச மாலை, இடக்கரத்தில் கமண்டலம். நம் ஊரில் பஞ்சப் பிரம்ம மந்திரங்களாகக் காதால் கேட்டதைக் கண்ணால் காணும்போது உடல் சிலிர்க்கிறது. நான்கு வாயிலையும் சுற்றி வந்து நான்கு முகங்களையும் தரிசிக்க வேண்டும்.

மூலவரைத் தீண்டிப் பூஜை செய்யும் உரிமை பட்டர்களுக்கே உண்டு. இவர்கள் தென்னாட்டவர், கர்நாடகத்திலிருந்து வருபவர்கள். ஆதிசங்கரர் ஏற்படுத்திய மரபு என்று சொல்கிறார்கள். உள்ளூரைச் சேர்ந்த பண்டாரிகள் அவர்களுக்கு உதவுகிறார்கள். இமயத்தின் மடியில், நம் பக்கத்து உச்சரிப்பில் ருத்ரம் கேட்பது தனி இன்பம்.

2015-இல் இந்த மூலஸ்தானத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. சுற்றிலும் மேட்டிலும் இருந்த சில கட்டடங்கள் சேதமுற்றன, கருவறை அசையவில்லை. உலகெங்கும் பக்தர்கள் இதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்கள். நம் வாட்ஸ்அப் குழுக்களிலும் அந்தப் படம் சுற்றியது எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் அந்தப் படத்தில் தெரியாத ஒன்று உண்டு. ஆலயத்தை ஒட்டிக் கீழே இறங்கினால் ஆரிய காட். பாக்மதிக் கரையின் மயான பூமி. நிலநடுக்கத்துக்குப் பிறகு அங்கே இரவு பகலாகச் சிதைகள் எரிந்தன. மேடைகள் போதாமல் கரையெங்கும் அடுக்கினார்கள். அந்தப் புகையெல்லாம் எழுந்து போனது அசையாத பொற்கூரையின் மீதுதான்.

தரிசனம் முடித்து வெளியே வந்தபோது, வாயிலுக்கு அப்பால் பூத்தட்டு விற்கும் மூதாட்டி ஒருவரிடம் என் துணைவி நின்றுவிட்டாள். பாட்னாவில் கற்ற இந்தி அவளுக்கு இன்னும் மறக்கவில்லை. அங்கே பெரும்பாலோர்க்கு இந்தி புரிகிறது. முதல்நாள் இரவைப் பற்றிப் பேச்சுத் தொடங்கியது. இவள் வழக்கம்போல் 2015-ஆம் ஆண்டுக் கதையைச் சொல்லி, "பசுபதிநாதர்தான் எங்களை வரவிடாமல் காப்பாற்றினார்" என்று முடித்தாள்.

மூதாட்டி கைகூப்பினார். "நல்லது பஹினி. காத்தாரே, அது போதும்" என்றார். பஹினி என்றால் தங்கை. தட்டில் பூக்களை அடுக்கிக்கொண்டே, குரலில் எந்த மாற்றமும் இல்லாமல் சொன்னார்: "என் பேரன் அன்றைக்கு தரஹராவில் ஏறியிருந்தான். லீவு நாள். சிநேகிதர்களோடு போனான்."

தரஹரா என்பது காத்மாண்டுவின் நடுவே பீம்சேன் தாபா என்னும் பிரதம மந்திரி 19-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய வெண்கோபுரம். ஒன்பது நிலை, 213 படிகள். 1934-இல் விழுந்து மீண்டும் கட்டப்பட்டது. 2015-இல் மறுபடி விழுந்தபோது, விடுமுறை நாளாதலால் உள்ளே நிறையப் பேர் இருந்தார்கள். சனிக்கிழமை பள்ளிப் பிள்ளைகளைக் காத்தது என்றேன் அல்லவா. அதே சனிக்கிழமைதான் இவர்களைக் கோபுரத்தில் ஏற்றியது.

என் துணைவி அப்படியே அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள், அறுவை செய்த முழங்காலையும் மறந்து. சிறிது நேரம் கழித்து, "பிறகும் இங்கேயேவா பூ விற்கிறீர்கள்?" என்று கேட்டாள்.

"ஆறு மாதம் உள்ளே போகவில்லை. வாசலில் பூ மட்டும் விற்றேன். எல்லாரும் வாங்கி உள்ளே கொண்டுபோனார்கள். அப்புறம் ஒருநாள் போனேன்."

"ஏன் போனீர்கள்?"

"அவரை விட்டால் வேறு யாரிடம் போய்ச் சண்டை போடுவது?"

அதற்குமேல் இருவரும் பேசவில்லை. பூத்தட்டுக்குப் பணம் நீட்டினேன்; வாங்கிக்கொண்டு சரியாக மீதி கொடுத்தார். ஒரு செண்டுப்பூ மாலையை மட்டும் தனியே எடுத்து என் துணைவியின் கையில் வைத்தார். அதற்குப் பணம் வாங்க மறுத்துவிட்டார்.

அன்று பிற்பகல் அனுமன் தோகா அரண்மனைச் சதுக்கத்துக்குச் சென்றோம். காத்மாண்டு என்ற பெயருக்கே காரணமான காஷ்டமண்டபம் அங்கேதான் இருக்கிறது. ஒரே மரத்தில் கட்டப்பட்டது என்பது செவிவழிக் கதை. மூன்று அடுக்குக் கூரையுடன் நாற்புறமும் திறந்த பெரும் மரமண்டபம். நடுவே கோரக்நாதர், நான்கு மூலைகளிலும் விநாயகர். வழிப்போக்கர் தங்கவும் வணிகர் கூடவும் ஊர்ப் பொதுவுக்காகவும் இருந்த இடம். நம் ஊர்ச் சத்திரமும் கோயில் மண்டபமும் சேர்ந்ததுபோல. 2015-இல் நிலம் அதிர்ந்த வேளையில் அதனுள்ளே இரத்ததான முகாம் நடந்துகொண்டிருந்தது. பிறர் உயிர் காக்கக் கை நீட்டிப் படுத்திருந்தவர்கள்மேல் மண்டபம் சரிந்தது.

இடிபாட்டை அகற்றிய பிறகு, நேபாளத் தொல்லியல் துறையினரும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் அடித்தளத்தைத் தோண்டி ஆராய்ந்தார்கள். 12-ஆம் நூற்றாண்டு என்று கருதப்பட்ட மண்டபத்தின் அஸ்திவாரம் 7-ஆம் நூற்றாண்டுக்கு உரியது என்று தெரிந்தது. ஒன்பது அறைகள் கொண்ட மண்டல வடிவில், ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும், அத்தனை அதிர்ச்சிக்கும் பிறகு, செங்கல் கலையாமல் இருந்தது. பிறகு ஏன் விழுந்தது? மண்டபத்தைத் தாங்கிய நான்கு பெருந்தூண்களுள் ஒன்று அதன் ஆதாரக் கல்லின்மேல் அமர்ந்திருக்கவில்லை. 1960-களில் பழுது பார்த்தவர்கள் அந்தத் தூணைக் கல்லில் மீண்டும் பொருத்தாமல் விட்டுவிட்டார்கள் என்கிறது ஆய்வு. மேலே தளம் போட்டு மூடியாகிவிட்டது. ஐம்பது ஆண்டுகள் யாருக்கும் தெரியாது.

இதைப் படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. வீட்டுக் கடன் பிரிவில் ஒன்பது ஆண்டுகள் இருந்தவன் நான். பொறியாளர் சான்றிதழ், வரைபட அனுமதி, வில்லங்கச் சான்று எல்லாம் சரியாக இருந்தால் கையெழுத்திடுவேன். மனையைப் பார்க்கப் போவதும் உண்டு. போகும்போது பெரும்பாலும் தளம் போட்டிருக்கும். தூண் எதன்மேல் நிற்கிறது என்று நான் குனிந்து பார்த்ததாக ஒரு நினைவும் இல்லை. கோப்பில் குறை இருக்காது.

மண்டபத்தை மீண்டும் கட்டும்போது ஒப்பந்தக்காரரிடம் விட ஊரார் ஒப்பவில்லை. தாங்களே முன்னின்று, பழைய முறைப்படி மரத்தாலும் செங்கல்லாலும் எழுப்பி, 2022-இல் நிறைவு செய்தார்கள். நாங்கள் போனபோது புதிய மரத்தின் வாசனை இன்னும் இருந்தது. என் துணைவி கோரக்நாதரைச் சேவித்துக்கொண்டிருக்க, நான் தூண்களின் அடியையே சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காத்மாண்டுப் பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் பெரும் ஏரியாக இருந்ததென்றும், மஞ்சுஸ்ரீ என்னும் போதிசத்துவர் வாளால் சோபார் மலையைப் பிளந்து நீரை வடித்தார் என்றும் புராணம் சொல்கிறது. புவியியலாரும் அது ஏரிப்படுகை என்றே சொல்கிறார்கள். இந்திய நிலத்தட்டு வடக்கே திபெத்தின் அடியில் ஓயாமல் நுழைந்துகொண்டிருக்க, அதன் இறுக்கம் அவ்வப்போது வெடிக்கிறது. பள்ளத்தாக்கின் அடியில் உள்ள ஏரி வண்டல், பாத்திரத்தில் வைத்த தயிர்போல் அதிர்வைப் பெருக்குகிறது. 2015-இல் அந்த ஆட்டம் மெதுவான, நீண்ட ஆட்டமாக இருந்தது. அதனால் குட்டையான வீடுகளில் அஞ்சிய அளவு சேதமில்லை. உயர்ந்து நின்றவற்றுக்கே ஆபத்து அதிகம். அந்தச் சில விநாடிகளில் காத்மாண்டு நகரம் முழுவதும் தெற்கே ஏறத்தாழ ஐந்தடி நகர்ந்து, மூன்றடி உயர்ந்தும் விட்டதாம். பசுபதிநாதரும் சேர்ந்துதான் நகர்ந்திருப்பார். அசையவில்லை என்று நாம் சொல்வது நம் கணக்கு.

ஆனாலும் உயர்ந்த எல்லாமே விழவில்லை. பக்தபூரில் 1702-இல் பூபதீந்திர மல்லர் எழுப்பிய ஐந்தடுக்கு நியாதபோலா ஆலயம் 1934-ஐயும் தாங்கியது, 2015-ஐயும் தாங்கியது. அருகிலேயே இருந்த வத்சலா துர்க்கை ஆலயம் நொறுங்கியது. பாடனில் கல்லால் ஆன கிருஷ்ணர் மந்திர் நிற்க, அதே சதுக்கத்தில் சார் நாராயணர் ஆலயமும் ஹரிசங்கரர் ஆலயமும் விழுந்தன. நியாதபோலாவின் படிகளில் கீழிருந்து மேலாக மல்லர்கள், யானைகள், சிங்கங்கள், யாளி போன்ற உருவங்கள், தேவியர் என்று இரண்டிரண்டாகக் காவல். ஒவ்வொரு இணையும் கீழுள்ளதைவிடப் பத்து மடங்கு பலமாம். படிப்படியாக அகன்ற பீடம், ஆப்புகளால் பூட்டிய மரச்சட்டம், இவையே ஆலயத்தின் பலம் என்கிறார்கள் அறிந்தவர்கள். கருவறையில் சித்தி லட்சுமி. கதவு நமக்குத் திறப்பதில்லை.

புங்கமதி என்னும் சிற்றூரைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். பாடனுக்குத் தெற்கே உள்ளது. அங்கே எழுந்தருளியிருப்பவர் மச்சேந்திரநாதர், கோரக்நாதரின் குரு, மழை தருபவர். பௌத்தர்களுக்கு அவரே கருணாமயரான அவலோகிதேசுவரர். கோரக்நாதர் ஒன்பது நாகங்களை அடக்கி அவற்றின்மேல் அமர்ந்ததால் பன்னிரண்டு ஆண்டுகள் மழை பொய்த்தது, குருநாதர் வந்ததும் சீடர் எழுந்தார், நாகங்கள் விடுபட்டன, மழை பெய்தது என்பது தலவரலாறு. ஆண்டில் பாதி பாடனிலும் பாதி புங்கமதியிலும் இருப்பார். அறுபது அடி உயரத் தேரில் ஊர்வலம் வருவார். வழக்கமாகப் பாடனில் தொடங்கும் தேர், பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் புங்கமதியிலிருந்தே புறப்படும். 2015 அந்தப் பன்னிரண்டாவது ஆண்டு. நிலம் அதிர்ந்தபோது சுவாமி தேரில், வழியில் இருந்தார். பின்னால் புங்கமதியில் அவருடைய ஆலயம் முழுவதும் இடிந்து விழுந்தது. தேரும் சேதமுற்று, மாதக்கணக்கில் நடுவழியில் நின்றது. சுவாமி தம்மைக் காத்துக்கொண்டார் என்று சிலர் சொன்னார்களாம். தம் ஜனங்கள் தெருவில் கிடந்தபோது அவரும் தெருவில் கிடந்தார் என்று வேறு சிலர் சொன்னார்களாம். எங்களை அழைத்துச் சென்ற வாகன ஓட்டுநர் இரண்டையும் சொல்லிவிட்டு, தமக்கு இரண்டாவதுதான் பிடிக்கும் என்றார்.

1934 என்று பலமுறை சொல்லிவிட்டேன். அவ்வாண்டு ஜனவரி 15-ஆம் தேதி நேபாளத்தையும் பீகாரையும் அழித்த பூகம்பத்தை, தங்கள் விக்ரம ஆண்டுக் கணக்குப்படித் தொண்ணூறாம் ஆண்டுப் பூகம்பம் என்கிறார்கள் நேபாளத்தார். ஒன்பது நாள் கழித்து, ஜனவரி 24 அன்று நம் திருநெல்வேலியில் பேசிய காந்தியடிகள், பீகாரின் அழிவு தீண்டாமை என்னும் பாவத்துக்கு இறைவன் தந்த தண்டனை என்று கருதுவதாகச் சொன்னார். அவரிடம் பெருமதிப்பு வைத்திருந்த இரவீந்திரநாத் தாகூருக்கு அது பொறுக்கவில்லை. இயற்கையின் பேரழிவுக்கு இயற்கையே காரணம். அதை மனிதரின் ஒழுக்கத்தோடு முடிச்சுப் போடலாகாது என்று எழுதினார். காந்தியடிகள் அந்த மறுப்பைத் தம் 'ஹரிஜன்' இதழிலேயே வெளியிட்டுப் பதிலும் எழுதினார். தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

படிக்கும் காலத்திலிருந்தே நான் தாகூர் கட்சி. மாண்டவரெல்லாம் பாவிகள் என்று எப்படிச் சொல்வது? அதைச் சொல்ல நமக்கு நாக் கூசுகிறது. ஆனால் தப்பியவரைப் பற்றி, 'அருள் பெற்றவர்' என்று சொல்லக் கூசுவதில்லை. நாற்பது ஆண்டுகள் பற்றும் வரவும் எழுதியவன் நான். ஒரு பக்கத்தில் எழுதினால் மறுபக்கத்திலும் எழுதியாக வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? எட்டு ஆண்டுகளாகத் தலையசைத்துக்கொண்டிருந்தேனே. அன்றிரவு விடுதியில் இதைத் துணைவியிடம் சொல்ல வாயெடுத்தேன். அவள் அந்த மாலையை நீர் தெளித்து, ஜன்னலோரம் வைத்துக்கொண்டிருந்தாள். சொல்லவில்லை.

பிறகு முக்திநாத் சென்றோம். 108 திவ்ய தேசங்களுள் ஒன்றான சாளக்கிராமத் தலம். திருமங்கையாழ்வார் மங்களாசாசனம் செய்தது. 108 தாரைகளில் என்னால் பாதிகூட நனைய முடியவில்லை. நீரின் குளிர் அப்படி. அது தனிக் கட்டுரைக்கு உரியது.

போக விரும்பும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள். இந்தியர்களுக்கு விசா வேண்டாம். பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை கைவசம் இருக்கட்டும். நாங்கள் சென்றபோது நம் நூறு ரூபாய் நோட்டுகள் எளிதாகச் செல்லுபடியாயின. பெரிய நோட்டுகளை அப்போது தவிர்க்க வேண்டியிருந்தது. ஆலயத்துக்குள் தோல் பொருள்களுக்கு அனுமதி இல்லை. நான்கு வாயிலையும் சுற்ற நேரமாகும் என்பதால் முதியோர் விடியற்காலையில் செல்வது நல்லது. விடுதியில் முடிந்தவரை கீழ்த்தளத்து அறையைக் கேளுங்கள். படுக்கும்போது செருப்பும் கைவிளக்கும் கட்டிலருகே இருக்கட்டும்.

ஊர் திரும்பிய பின் அந்த ஐப்பசிப் பிரதோஷத்தில், வழக்கமான தோழியர் சூழ்ந்துகொண்டு பயணத்தைப் பற்றிக் கேட்டார்கள். நள்ளிரவில் நிலம் ஆடியதைச் சொன்னாள். நான்கு முகங்களையும் வருணித்தாள். அந்தப் பழைய வாக்கியத்தை மட்டும் சொல்லவில்லை. அதன் பிறகும் அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

2024-இல் சித்திரை 12 மறுபடி ஏப்ரல் 25-இலேயே வந்தது. விடியற்காலையில் நாகேஸ்வரர் சந்நிதியில் நின்றோம். கிரணம் வாசலைத் தாண்டி, மெல்ல நகர்ந்து, திருமேனியில் ஏறியது. கூட்டம் கலைந்ததும் துணைவி குருக்களிடம் சென்று, மோட்ச தீபம் ஒன்று ஏற்ற வேண்டும் என்றாள்.

"பேர், நட்சத்திரம், கோத்திரம் சொல்லுங்கோ அம்மா" என்றார் குருக்கள்.

அவள் என்னைப் பார்த்தாள். பேரனின் பெயரை நாங்கள் கேட்டுக்கொள்ளவே இல்லை.

"தெரியாது. பேரன்னு சொல்லுங்க" என்றாள்.

குருக்கள் சற்று நின்றார். பிறகு வேறொன்றும் கேளாமல், திரியை நெய்யில் நனைத்தார்.